யூதாஸுக்கு வரவேண்டிய கஞ்சி

சத்தியம், தம்பி, சத்தியம்! கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார், பார்க்கட்டும். அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், இந்த பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் என் நாக்கு அழுகிக் கீழே விழட்டும். விழுந்தால் மிதித்துவிடாதீர்கள், ஓரமாக எடுத்து வையுங்கள். திருப்பூரில் எனக்கு அது வேண்டியிருக்கிறது.

இந்தத் தூக்குவாளியைத்தானே பார்க்கிறீர்கள்? கிழவன் பச்சைப்பிள்ளை மாதிரி மடியில் அணைத்து வைத்திருக்கிறானே, உள்ளே என்ன என்று? கஞ்சி. பச்சரிசி, வெல்லம், தேங்காய்ப்பால், இரண்டு ஏலக்காய். கொஞ்சம் காலை நகர்த்திக்கொள்ளுங்கள், சிந்தினால் பேண்ட்டில் ஒட்டும். உங்களுக்குத் தர முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நானே குடிக்க முடியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊர் இஞ்ஞாசிப்பட்டி. வேதக்கார ஊர். பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் பாஸ்கு நடக்கும். இயேசுநாதர் பாடுபட்டு மரித்ததை ஊர்க்காரர்களே வேஷம் கட்டி நடிப்பது. மற்ற ஊர்களில் ராத்திரி மேடை போட்டு, படுதா கட்டி ஆடுவார்கள். எங்கள் ஊரில் பட்டப்பகலில், தெருவிலேயே. வெயில் உச்சிக்கு வரும்போது சிலுவை கிளம்பும். தார்ரோட்டில் வெறுங்கால்.

நான் யூதாஸ். சந்தியாகு என்று ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு, ஆனால் தபால்காரருக்கே அது மறந்துபோயிற்று. இருபத்தாறு வருஷமாக அந்த வேஷம் எனக்குத்தான். எங்கள் அண்ணாவியார், அதாவது பாஸ்கு பழக்குகிறவர், இருபத்தொன்று என்பார். அவருக்குக் கணக்கு வராது. ஒரு வருஷம் நான் தூக்கு மாட்டிக்கொண்ட கிளை முறிந்து, அதிலிருந்த தேன்கூடு கீழே விழுந்தது. ஈ எல்லாம் ரோமைச் சேவகர்களைத் துரத்திக்கொண்டு போய்ப் பக்கத்து ஊர் எல்லையில் விட்டது. ஈட்டியும் தகரத் தொப்பியுமாக இவர்கள் ஓடிவருவதைப் பார்த்து அந்த ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். சிரிக்காதீர்கள். சத்தியம் செய்திருக்கிறேன்.

எங்கள் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். யார் இயேசுவோ அவனைப் பெற்றவள்தான் மாதா வேஷம் கட்ட வேண்டும். அவன் தபசு காலம் நாற்பது நாளும் தாடி மழிக்கக் கூடாது, ஒருவேளைச் சாப்பாடு, கோயில் மண்டபத்தில் பாய்ப்படுக்கை. அந்த நாட்களில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து தலையில் கை வைக்கச் சொல்வார்கள். யூதாஸுக்கு நேர்மாறு. அங்கியைக் கையில் வாங்கின நாளிலிருந்து அவன் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது, பூசை காணக் கூடாது, நன்மை, அதாவது பூசையில் ஆண்டவரின் சரீரமென்று நாக்கில் வைக்கிற அப்பம், வாங்கக் கூடாது. வெளியே வாகைமரத்தடியில் நிற்க வேண்டியது. பிள்ளைகள் கல் எறியும். எறியலாம், அதுவும் வழக்கம்தான்.

பிறகு உயிர்ப்பு ஞாயிறு விடிந்ததும், இயேசுவாக இருந்தவன் கஞ்சி எடுத்துக்கொண்டு யூதாஸ் வீட்டுக்கு வருவான். தன் கையால் ஒரு வாய் ஊட்டுவான். அந்த ஒரு வாய் உள்ளே போனால்தான் யூதாஸ் மறுபடி சந்தியாகு ஆவான். அப்புறம் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் போவார்கள். ஊரே அழும். வருஷாவருஷம் பார்க்கிறதுதான், ஆனாலும் அழும்.

அந்தக் கஞ்சி எனக்கு நின்றுபோய்விட்டது, தம்பி. தனிஸ்லாஸ் நிறுத்திவிட்டான்.

தனிஸ்லாஸ் யார் என்று கேட்கிறீர்களா? அமலோற்பவத்தின் ஒரே பிள்ளை. அப்பன் லாரியோடு வடக்கே போனவன், வரவேயில்லை. சின்ன வயதில் இந்தப் பயல் என்மேல் எறிந்த கல் இருக்கிறதே! மற்ற பிள்ளைகள் விளையாட்டுக்கு எறியும். இவன் அழுதுகொண்டே எறிவான். 'எங்க ஆண்டவரை ஏன் காட்டிக்குடுத்தே?' என்று கேட்டுக் கேட்டு எறிவான். குறி தப்பாது. இதோ, புருவத்தில் தழும்பு தெரிகிறதா? அவன் போட்டது. அப்படி விசுவாசமாகக் கல்லெறிய இப்போது எந்தப் பிள்ளைக்கும் வரவில்லை.

அவனுக்கு மஞ்சள் காமாலை கண்டு, இனி பிழைக்க மாட்டான் என்றிருந்தபோது அமலோற்பவம் நேர்ந்துகொண்டாள்: பிழைத்து ஆளானால் ஒரு வருஷம் உம்முடைய சிலுவையைச் சுமப்பான் என்று. பிழைத்தான், காலேஜ் படித்தான். சில வருஷத்துக்கு முன்பு அவன் முறை வந்தது. தாடி வளர்த்து, மெலிந்து, கண் இரண்டும் உள்ளே போய்... பார்க்கிறவர்கள் தானாகக் கும்பிடுவார்கள். நானே ஒருமுறை கும்பிட்டுவிட்டு, பிறகு யூதாஸ் கும்பிடலாமா என்று அண்ணாவியாரைக் கேட்டேன்.

ஒருநாள் மத்தியானம் மண்டபத்தின் பின்புறம் முத்தக் காட்சி பழகிக்கொண்டிருந்தோம். நான் கன்னத்தில் முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கிற இடம். என் வாயில் எப்போதும் வெற்றிலை. ஒரு வருஷம் முத்தமிட்ட இடத்தில் சாறு ஒட்டி, அடி விழும் முன்பே ஆண்டவருக்கு ரத்தம் வந்துவிட்டதென்று கிழவிகள் ஓலமிட்டார்கள். அதனால் அன்று வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். அவன் தள்ளி உட்கார்ந்துவிட்டான்.

"தாத்தா, கோயிலுக்கு வெளிய நிக்கிறீங்களே, கஷ்டமா இருக்குமா?"

"என்ன கஷ்டம்? மரத்தடியில காத்து வருது. உள்ள ஃபேன் ஓடலன்னு மேற்றிராணியார் வரைக்கும் புகார் போயிருக்கு."

"எனக்கு உள்ள நிக்கிறது கஷ்டமா இருக்கு தாத்தா."

"பசிடா. ஒருவேளைச் சோறு. அப்படித்தான் இருக்கும்."

"பசி இல்ல. எனக்கு நம்பிக்கை போயிருச்சு."

நான் யாரோ பெண் விவகாரம் என்றுதான் நினைத்தேன். கேட்டேன். இல்லையாம். கட்சியில் கிட்சியில் சேர்ந்துவிட்டாயா என்றேன். இல்லையாம். செத்தவர்கள், தோற்றுப்போன பரீட்சை, எல்லாம் கேட்டுப் பார்த்தேன். இத்தனை பெரிய விஷயத்துக்கு ஒரு காரணம் வேண்டாமா, தம்பி? ஒன்றுமே இல்லை என்கிறான்.

"ஒருநாள் செபமாலை சொல்லிக்கிட்டிருந்தேன் தாத்தா. போன்ல பேசிக்கிட்டே இருப்போமில்ல, அந்தப் பக்கம் லைன் எப்பவோ கட்டாயிருக்கும், நமக்குத் தெரியாது... அப்படித் தோணிச்சு. நின்னு கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். யாருமில்ல."

"சாமியார்கிட்ட சொன்னியா?"

"சொன்னா அம்மாவோட நேர்ச்சை என்னாவும்? இந்த ஒரு வருஷத்துக்காகத்தான் அது உயிரோடயே இருக்கு." முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். "நன்மை வாங்க நாக்கை நீட்டும்போது கூசுது தாத்தா. திருடுற மாதிரி. மேலத்தெரு ரெஜினாக்கா இருக்காங்கல்ல, நடக்காத பிள்ளையைத் தூக்கிட்டு நித்தம் வராங்க. தலையில கை வைன்றாங்க. வைக்கிறேன். வச்சதும் அந்தக்கா என் முகத்தைப் பாக்குது பாருங்க... அதை என்னால தாங்க முடியல."

அவன் அழுதான். முகத்திலிருந்து கையை எடுக்கவேயில்லை. நான் வெற்றிலையை எடுத்து மடித்தேன். போடாமல் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கடைசியில் சொன்னேன். "அட பைத்தியக்காரா, வேஷம்தானே? நான் இத்தனை வருஷமா யூதாஸ் வேஷம் கட்டுறேன். அதுக்காக நான் என்ன, ஆளைக் காட்டிக்குடுக்கிறவனா?"

அதற்கு அவன் சிரித்தான். அழுகைக்கு நடுவில் சிரித்தான். அந்தச் சிரிப்பை வாங்கினது நான், தம்பி. அது என் கணக்கில் இருக்கட்டும்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மிக்கேல் சம்மனசு மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். கஸ்பாரிடம் சொன்னதெல்லாம் சொன்னதில் சேர்த்தி இல்லை.

கஸ்பார் எங்கள் ஊர் தையல்காரன். அங்கி தளர்ந்துவிட்டதென்று பிடித்துத் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். அவன் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு சொல்கிறான்: 'அந்தப் பையனுக்கு அளவெடுக்கும்போது மேலெல்லாம் வெளிச்சம் அடிச்சிச்சு மாமா. அப்படி ஒரு பக்தி.' வெளிச்சமாம்! எனக்குப் பொய் கேட்டால் ஆகாது, தம்பி. உடம்பெல்லாம் அரிக்கும். 'வெளிச்சமுமில்ல ஒண்ணுமில்ல, பையனுக்கு நம்பிக்கையே போயிருச்சு' என்றேன். அவ்வளவுதான் சொன்னது. கஸ்பார் நம்பவில்லை. 'என்ன ஆதாரம்?' என்றான். கேட்கிறவன் நம்பாவிட்டால் சொல்கிறவனுக்கு மரியாதை உண்டா? அதனால் ஒரு கைப்பிடி வைத்தேன். நன்மை வாங்கி விழுங்காமல், வெளியே வந்து கைக்குட்டையில் துப்புகிறான் என்றேன். ஒரு பேச்சுக்கு. குழம்புக்குப் பெருங்காயம் மாதிரி. 'நான் சொன்னதா மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே' என்றும் சொல்லித்தான் வந்தேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை.

கஸ்பார் வாய் எப்படிப்பட்ட வாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியும்தான், ஆனாலும்.

பெரிய வியாழன் அன்று ஊர் முழுக்க அதே பேச்சு. ஆண்டவரின் சரீரத்தைத் துப்பினவன் என்று. கோயில் கமிட்டியில் சிலர் வேறு ஆளைப் போடச் சொன்னார்கள். தாடிக்கு எங்கே போவது? அதனால் அவனே நடக்கட்டும், வெள்ளி முடியட்டும் என்று விட்டார்கள். அன்று மாலை மண்டபத்துப் பக்கம் ஒரு பிள்ளையைக்கூட யாரும் கொண்டுவரவில்லை. அவன் வாசலில் தனியாக உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்த வழியாகப் போகவில்லை. எனக்கு முட்டிவலி.

வெள்ளிக்கிழமை ஒலிவத் தோப்புக் காட்சி. எங்கள் ஊரில் அது பஞ்சாயத்து போர்டு புளியந்தோப்பு. நான் போய் அவன் தோளைப் பிடித்தேன், முத்தமிட்டேன். 'நண்பனே, எதற்காக வந்தாய்?' என்று அவன் கேட்க வேண்டும், அதுதான் பாடம். அவன் கேட்கவில்லை. என் காதோரம் குனிந்து, "பரவால்ல தாத்தா" என்றான். எனக்கு இன்றைக்கும் புரியவில்லை, என்ன பரவாயில்லை என்று. அவசரத்தில் வாய் கொப்பளிக்காமல் போய்விட்டேன், வெற்றிலை நாற்றத்தைத்தான் சொல்லியிருப்பான்.

நான் தூக்கு மாட்டி இறங்கி, வழக்கம்போலக் கூட்டத்துக்கு நடுவில் ஓடினேன். யூதாஸ் அங்கே ஓடித்தான் கல் வாங்க வேண்டும். ஓடினேன், நின்றேன், திரும்ப ஓடினேன். ஒரு கல் விழவில்லை. 'டேய், இங்கடா, யூதாஸ் இங்க!' என்று நானே கத்தினேன். ஒரு பயல் திரும்பவில்லை.

கல் எல்லாம் சிலுவைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, தம்பி.

சின்னப் பிள்ளைகள்தான். சின்னக் கல்தான். பெரியவர்கள் எறியவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறெங்கோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் சிலுவையைத் தோளில் போட்டு, தார் உருகுகிற ரோட்டில், ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வருகிறான். ஒரு கல் பட்டால் ஒரு தரம் கண்ணை மூடுவான். அவ்வளவுதான். எனக்கு விழ வேண்டிய கல். ஒருத்தனுக்கு உரியதை இன்னொருத்தனுக்குப் போடலாமா? எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

நாலாம் ஸ்தலம், தாயைச் சந்திக்கிற இடம். அமலோற்பவம் நீலப் புடவையும் முக்காடுமாகக் காத்திருந்தாள். அவள் அங்கே ஒப்பாரி பாட வேண்டும், பாடி மயங்கி விழ வேண்டும். எங்கள் ஊரில் அவள் குரலுக்கு இணை கிடையாது, அதைக் கேட்கவே வெளியூர்க்காரர்கள் வருவார்கள். மைக்கை நீட்டினார்கள். அவள் மைக்கைத் தள்ளிவிட்டாள். பிள்ளையின் காலைப் பார்த்தாள். நேராகப் போய்ச் சிலுவையின் கீழே தோளைக் கொடுத்தாள். அது சீமோன் வேஷக்காரன் செய்ய வேண்டிய வேலை. அவன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"அமலோற்பவக்கா, அது என் பார்ட்டு."

"தள்ளுப்பா. என் பிள்ளை."

நான் பக்கத்தில் போய்விட்டேன், கல் ஏதும் இந்தப் பக்கம் வருமா என்று. அதனால் அவர்கள் பேசினது என் காதில் விழுந்தது. வேறு யாருக்கும் விழவில்லை, தப்படித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நான் நன்மையைத் துப்பலம்மா."

"தெரியும்டா. நீ கசக்கிற மருந்தையே துப்ப மாட்டே. நட."

"ஆனா மத்தது நிஜம்மா. நம்பிக்கை... எனக்கு..."

"அதுவும் தெரியும். தபசு ஆரம்பிச்சதிலருந்து நீ என் முகத்தைப் பாத்துப் பேசல. பெத்தவளுக்கு வேற என்ன சொல்லணும்?"

"உனக்காகத்தாம்மா நடிச்சேன்."

"அது ஒண்ணுதான்டா எனக்கு வலிக்குது." அவளுக்கு மூச்சு வாங்கியது. கண்ணிலிருந்து கொட்டுகிறது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் சிலுவையில். "சாமி இருக்கா இல்லியான்னு நீயும் அதுவும் பேசித் தீத்துக்கங்க. அவசரமில்ல. எனக்காக இனிமே முழங்கால் போடாதே. நேர்ச்சை என்னோடது, நானும் சேந்து தூக்கிட்டேன், முடிஞ்சிருச்சு. கால் பொசுக்குது பாரு, ஓரமா மண்ணுல நட."

ஊரே விம்மி அழுதது. இப்படி ஒரு மாதா நடிப்பு பார்த்ததேயில்லை என்று வெளியூர்க்காரர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், யூதாஸ் என்றுகூடப் பார்க்காமல். கல் நின்றுவிட்டது.

அவன் போய் மரித்தான். நன்றாகவே மரித்தான். சனிக்கிழமை தாடியை மழித்துவிட்டு பஸ் ஏறினான். அமலோற்பவம்தான் ஏற்றிவிட்டாளாம்.

இது எனக்குத் தெரியாது. ஞாயிறு விடியும் முன்பே எழுந்து, குளித்து, வாசலில் தண்ணீர் தெளித்து, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் மணி அடித்தது. இரண்டாம் மணி அடித்தது. அமலோற்பவம் வருகிறாள். தனியாக. கையில் இதே தூக்குவாளி.

"அவன் வர மாட்டான் மாமா. நான் கொண்டாந்திருக்கேன்."

"நீ ஊட்டினா செல்லாதேம்மா. மாதா ஊட்டினதா எங்கயும் இல்லியே."

"தெரியும்." தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "உங்க மேல எனக்குக் கோபமில்ல மாமா."

கோபமா? என்மேல் என்ன கோபம்? பாவம், பிள்ளை போன துக்கத்தில் என்னென்னவோ பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். நல்ல மனசு அவளுக்கு. என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. போகிறபோது திரும்பிச் சொன்னாள்: "கோயிலுக்குள்ள போகணும்னா அவன்கிட்டதான் போகணும் நீங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில சேரப் போயிருக்கான்."

அதிலிருந்து நான் வாகைமரத்தடிதான், தம்பி. அடுத்தடுத்த வருஷத்து இயேசு கொண்டுவந்த கஞ்சியையும், பழைய பாக்கி இருக்கும்போது செல்லாது என்று திருப்பிவிட்டேன். புதுச் சாமியார் வந்து, 'சந்தியாகு, கஞ்சியெல்லாம் வேண்டாம், சும்மா உள்ளே வாரும்' என்று கையைப் பிடித்து இழுத்தார். சின்ன வயது, வழக்கம் தெரியாதவர். சும்மா எப்படிப் போவது? ரெஜினாவும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்து நிற்பாள், உள்ளே புழுக்கம் என்று. அந்தப் பிள்ளை எழுந்து ஓடினான், நான்தான் துரத்திப் பிடித்தேன் என்று உங்களிடம் சொல்ல நாக்கு துடிக்கிறது. சத்தியம் செய்துவிட்டேனே. இன்னும் நடக்கவில்லை.

ஒவ்வொரு உயிர்ப்புக்கும் அமலோற்பவம் கஞ்சி வைத்துவிட்டுப் போவாள், நான் திருப்பூருக்கு பஸ் ஏறுவேன். ஏற்றுமதி கம்பெனி, ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் உண்டு. போன வருஷம் அவனைப் பார்த்தேன். டீ குடிக்க வெளியே வந்தான், யாரோ பையனோடு. நெற்றியில் பஞ்சு தூசி. மீசை வைத்திருக்கிறான். என்னவோ சொல்லிச் சிரித்தான், முகத்தை மூடாமல் சிரித்தான். நான் டீக்கடைப் பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒளியவில்லை, தம்பி. வெயில். நிழல் அங்கேதான் இருந்தது. ஷிப்ட் மணி அடித்தது, அவன் உள்ளே போய்விட்டான். கஞ்சி புளித்துவிட்டது. வருகிற வழியில் ஒரு நாய்க்கு ஊற்றினேன், அது குடித்தது. நாய்க்கென்ன, அதற்கு வழக்கமா தெரியும்?

தாராபுரம் தாண்டிவிட்டதா? அப்படியானால் கேட்டுவிடுகிறேன். நீங்களும் திருப்பூர்தானே? அந்தக் கம்பெனி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். கேட்டில் தனிஸ்லாஸ் என்றால் கூப்பிடுவார்கள். நீங்கள் போய், பஸ் ஸ்டாண்டில் ஒரு கிழவன் கஞ்சியோடு உட்கார்ந்திருக்கிறான், ஒரு வாய் ஊட்டிவிட்டால் போதுமாம், நம்பிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம் என்று சொல்லுங்கள். வந்தால் வரட்டும். நானே போகலாம்தான். முட்டிவலி.

கஸ்பார், கைக்குட்டை, அதெல்லாம் இப்போது எதற்கு? அதை விட்டுவிடுங்கள். அவனாகக் கேட்டால், ஏதோ பஸ்ஸில் கேள்விப்பட்டேன் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், தம்பி.